பொன்னாடையாரும் பிளாஸ்டிக் கதிரையும்

கொழும்பு மாநகரத்தில் ஒரு காரியத்தை உருப்படியாகச் செய்துவிட்டு, பொன்னாடையார் கையில் அகப்படாமல் தப்பியவர் எவரும் கிடையாது. அப்படி ஒருவர் தப்பியிருந்தால், ஒன்று அவர் செய்த காரியம் உருப்படியில்லை; அல்லது அவருக்கு நன்றாக ஓடத் தெரிந்திருக்க வேண்டும்.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியும். எழுதினால் உங்களுக்கு விளங்காது. வெள்ளவத்தையில் போய்ப் 'பொன்னாடையார் வீடு எது?' என்று கேட்டுப் பாருங்கள். மரக்கறிக் கடைக்காரரிலிருந்து பஸ் கண்டக்டர் வரைக்கும் கையை நீட்டி வழி காட்டுவார்கள். சிலர் கையை ஒரு பக்கம் நீட்டிவிட்டு மறுபக்கம் நடந்து போய்விடுவார்கள். அவர்கள் ஏற்கெனவே போர்த்தப்பட்டவர்கள்.

அவரைப் பற்றிச் சொல்வதற்கு முன் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெருமைக்காக அல்ல. சரி, பெருமைக்காகவும்தான்.

நான் கொட்டாஞ்சேனையில் கதிரை வாடகைக்கு விடுகிறவன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது. நானும் அதை விட்டேன். ஆறாம் வகுப்புக் கதிரையில் நான் உட்கார்ந்ததே இல்லை. ஆனால் இன்றைக்குக் கல்யாண வீடு, செத்த வீடு, தானம், கந்தூரி என்று இந்த ஊரில் நாலு பேர் எங்கே கூடினாலும், டாக்டராக இருந்தாலும் நீதவானாக இருந்தாலும், என் கதிரையில்தான் உட்கார்ந்தாக வேண்டும். தள்ளுவண்டியில் தொடங்கியவன் நான். இப்போது லொறிகள் ஓடுகின்றன. ஒவ்வொரு கதிரையின் முதுகிலும் என் பெயரின் முதலெழுத்தைச் சிவப்புப் பெயின்றில் போட்டு வைத்திருக்கிறேன். எழுத்து கொஞ்சம் கோணல். நானே எழுதியது.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கூட்டம் கலையும் வரைக்கும் கதிரைக்காரன் தன் கதிரையில் உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் அந்த விழாவில் ஒரு கதிரை குறையும் என்பார்கள். ஒரு கதிரை குறைந்தால் என்ன நடக்கும் என்பது, மாப்பிள்ளையின் தாய்மாமனை நிற்க வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அதனால் எந்த விழாவிலும் நான் பின்சுவரோடு சாய்ந்து நிற்பேன். மேடையில் யார் யாருக்கோ பொன்னாடை போர்த்துவார்கள். பந்தல் போட்டவருக்குப் போர்த்துவார்கள். மைக் செட்காரருக்குக்கூட ஒருமுறை போர்த்தினார்கள். கதிரை கொடுத்தவனுக்கு ஒரு துண்டு போர்த்த வேண்டும் என்று இத்தனை வருடத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கு அதில் ஒரு கவலையும் இல்லை. கவலை இல்லாதவன் இவ்வளவு தெளிவாக ஞாபகம் வைத்திருப்பானா? வைத்திருக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு கலைக்கூடத்திலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. ஓவியம், சிற்பம் எல்லாம் வைத்திருக்கும் அருங்காட்சியகம், பெயர் வேண்டாம். மாதக் கடைசிச் சனிக்கிழமை மாலையில் அங்கே படம் காட்டப் போகிறார்களாம், அதற்குக் கதிரை வேண்டுமாம். அவர்களிடம் கதிரை இல்லாமல் இல்லை. ஒரு கதிரை கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. அதில் உட்காரக் கூடாது என்று பக்கத்தில் ஒரு காவலாளியும் இருந்தார். உட்காரக் கூடாத கதிரைக்குக் காவலாளி. உட்காரக் கூடிய கதிரைக்கு நான்.

அழைத்தவர் அங்கே பொறுப்பாக இருக்கும் மேடம். சிங்களப் பெண்பிள்ளை. தமிழைப் பாடமாகப் படித்துப் பரீட்சை எழுதியவர். ஆகவே அவருடைய தமிழ் என்னுடையதைவிடச் சுத்தம்.

"முதலாளி அவர்களே, நாங்கள் இங்கே ஆவணப்படங்களைத் திரையிடுகிறோம்" என்றார்.

ஆவணம் என்றால் எனக்குத் தெரிந்தது காணி உறுதிப் பத்திரம். கிராண்ட்பாஸில் எனக்கு ஒரு காணி வழக்கு நடந்துகொண்டிருந்தது. எதற்கும் உதவும் என்று, கதிரையை இறக்கிவிட்டு நானும் உள்ளே நின்று பார்த்தேன்.

முதல் படம் ஒரு கால்வாயைப் பற்றியது. கால்வாய் ஓடியது. ஒரு நாய் வந்து எட்டிப் பார்த்தது. நாய் போய்விட்டது. கால்வாய் மேலும் ஓடியது. பாட்டு இல்லை, சண்டை இல்லை, ஒரு இடைவேளைகூட இல்லை. நான் நின்றபடியே தூங்கினேன். கதிரைக்காரனுக்கு அதுவும் ஒரு தொழில் திறமை.

விளக்குப் போட்டதும் இயக்குநர் முன்னால் வந்து நின்றார். சின்னப் பையன். வருடக்கணக்காக அந்தக் கால்வாயோடு கிடந்து எடுத்தானாம். கூட்டம் மெல்லக் கை தட்டிவிட்டு, படித்தவர்கள் செய்கிற மாதிரி நாடியைத் தடவிக்கொண்டு யோசித்தது. அப்போது பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். வெள்ளை அரைக்கைச் சட்டை, சட்டைப்பையில் பேனா, கக்கத்தில் குடை, கையில் ஒரு சொப்பிங் பேக். விறுவிறுவென்று முன்னால் போய், பைக்குள் கையை விட்டு, தங்கச் சரிகை போட்ட சிவப்புப் பொன்னாடை ஒன்றை எடுத்து உதறினார். பாம்பாட்டி பெட்டியைத் திறந்ததுபோல முன்வரிசை முழுவதும் பின்னால் சாய்ந்தது.

"கால்வாய்க் காவலனே! கமெராச் செம்மலே! ஓடுகின்ற நீரை ஓடவிட்டு, ஓடாமல் நின்று படம் பிடித்த உத்தமனே!" என்று தொடங்கினார். அந்தக் குரலுக்கு மைக் தேவையில்லை. கட்டடத்துக்குத்தான் காப்புறுதி தேவை. பட்டங்களைக் கொடுத்து முடித்துவிட்டுப் பையனின் தோளில் பொன்னாடையைப் போர்த்தினார்.

பையனுக்குக் கண் கலங்கிவிட்டது. "அங்கிள், எங்கட அம்மாவே இந்தப் படத்த முழுசாப் பாக்கேல்ல" என்றான்.

நானும் பின்சுவரிலிருந்து கை தட்டினேன். ஆனால் வெளியில் தேநீர் கொடுத்த இடத்தில் நடந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். பொன்னாடையார் மெதுவாகப் பையனிடம் போனார். தோளைத் தடவினார். "வெக்கையா இருக்கும், தாங்கோ" என்றார். அந்தக் கட்டடத்தில் ஏ.சி. போட்டிருந்த போடுக்கு என் முழங்கால்கள் ஒன்றோடொன்று கதைத்துக்கொண்டிருந்தன. பையன் ஏன் என்று யோசிப்பதற்குள் பொன்னாடை நாலாக மடிந்து, எட்டாக மடிந்து, சொப்பிங் பேக்குக்குள் போய்விட்டது.

வாசலில் வைத்து அவரை மடக்கினேன்.

"என்னாண்ணே இது? குடுத்ததத் திருப்பி வாங்கிட்டீங்களே!"

"ஆர் குடுத்தது? நான் போர்த்தினனான்" என்றார். "குடுக்கிறது வேற, போர்த்திறது வேற. உம்மட கதிரையில வந்து இருக்கிறவர், போகேக்க கதிரையையும் தூக்கிக்கொண்டே வீட்ட போறவர்?"

ஐந்தாம் வகுப்புப் படித்தவனுக்கு மட்டுமல்ல, எந்த வகுப்புப் படித்தவனுக்கும் இதற்குப் பதில் கிடையாது. அன்றைக்கே முடிவு செய்தேன்: இந்த மனிதர் நம் தொழில்காரர்.

அதன்பிறகு மாதாமாதம் கதிரை இறக்க நானே லொறியில் போனேன். முடிந்ததும் பொன்னாடையாரை வெள்ளவத்தையில் இறக்கிவிடுவேன். ஒருநாள் கேட்டேன், "வெள்ளவத்தையிலேயே நாளுக்கொரு புத்தக வெளியீடு நடக்குதே, அத விட்டுட்டு ஏண்ணே இங்க வாறீங்க?"

"அங்க ஒரு ஆளின்ர தோளில ஆறேழு விழுது. மூச்செடுக்க ஏலாமல் இருக்கினம். இஞ்ச பாரும், இந்தப் பிள்ளையள் கைக்காசு போட்டு, அலைஞ்சு திரிஞ்சு படம் எடுக்குதுகள். வந்து பாக்கிறது கொஞ்சச் சனம். எல்லாம் வெறுந்தோளாக் கிடக்குது தம்பி."

அவர் ஒரு படத்திலும் தூங்கியதில்லை. கால்வாய் ஓடினால் அதோடு ஓடுவார். யாராவது அழுதால் குடையைப் பிடித்துக்கொண்டு அழுவார். ஒருமுறை ஒரு படத்தில் வயலுக்கு மழை வராமல் மனிதர்கள் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தபோது, "வரும், வரும், பொறுங்கோ" என்று இருட்டுக்குள் சத்தமாக ஆறுதல் சொன்னார்.

இன்னொரு மாதம் இயக்குநர் வரவில்லை. வெளிநாட்டில் இருந்தபடி சூம் வழியாகத் திரையிலேயே தோன்றினார். சுவர் அளவுக்கு ஒரு முகம். கேள்வி பதில் முடிந்ததும் எல்லோரும் பொன்னாடையாரைத் திரும்பிப் பார்த்தார்கள். இன்றைக்கு என்ன செய்வார் பார்ப்போம் என்று. அவர் என்னைப் பார்த்தார்.

"தம்பி, ரெண்டு கதிரை கொண்டு வாரும். நீர் அந்தத் தோளுக்குப் போம்."

திரையின் ஒரு பக்கத்தில் அவர் கதிரை மேல் ஏறினார், மறுபக்கத்தில் நான். பொன்னாடையை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, அந்தப் பெரிய முகத்துக்குக் கீழே தோள் இருக்க வேண்டிய இடத்தில் வைத்தோம். இயக்குநரின் மூக்கில் பாதி என் முதுகில் விழுந்ததாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். மடிகணினியின் கமெரா வழியாக அங்கிருந்து பார்த்த மனிதர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார்.

கொஞ்ச நேரம் போனதும் பொன்னாடையார் திரையைப் பார்த்து, "உங்களுக்கு அங்க வெக்கையா இருக்கும்" என்றார்.

"இல்லை ஐயா, இங்கே பனி கொட்டுகிறது" என்றார் இயக்குநர்.

"எண்டாலும்" என்று சொல்லிவிட்டுப் பொன்னாடையார் மடிக்கத் தொடங்கினார்.

இப்படி எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மீன் வந்து கெடுத்தது.

பேலியகொடைச் சந்தையில் மீன் வெட்டுகிற ஒருவரைப் பற்றி ஒரு படம் காட்டினார்கள். அருமையான படம்; நானே தூங்கவில்லை. முடிந்ததும் பொன்னாடையார் வழக்கம்போல எழுந்து போனார். பொன்னாடையைப் பாதி உதறிவிட்டு நின்றார்.

"அந்த மீன் வெட்டிற மனிசன் எங்க?" என்று இயக்குநரைக் கேட்டார்.

"அவர் சந்தையில்தான் இருப்பார்."

"இந்தப் படத்தை அவருக்குக் காட்டியாச்சோ?"

இயக்குநர் குனிந்து தன் காலைப் பார்த்தார். பொன்னாடையார் உதறிய பொன்னாடையைத் திரும்ப மடித்தார். கூட்டமே திகைத்துப்போனது. அவர் போர்த்தாமல் திரும்பியது அதுதான் முதல் தடவை.

மறுநாள் விடியும்போது என் லொறி பேலியகொடையில் நின்றது. வேறு என்ன செய்வது? அவர் கேட்டு நான் மறுத்ததில்லை. மீன்காரர் கையில் கத்தியோடு, முழங்கை வரைக்கும் செதிலோடு இருந்தார். பொன்னாடையார் "கத்தி பிடித்த கர்ணனே!" என்று ஆரம்பித்துத் தோளில் போர்த்தினார். மீன்காரர் சரிகையைத் தடவிப் பார்த்தார். புரட்டிப் பார்த்தார்.

"கீயத?" என்றார். விலை என்ன என்று கேட்கிறார்! காலையில் சந்தையில் ஒருவன் தோளில் துணியைப் போட்டால், அவன் வேறு என்ன நினைப்பான்?

நான் என் சிங்களத்தில் விளக்கினேன். இது விற்பனைக்கு அல்ல, உங்கள் படத்தைப் பார்த்தோம், இது மரியாதை, எங்கள் ஆட்கள் இப்படித்தான் செய்வார்கள் என்றேன். விளங்கியதும் அந்த மனிதருக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அழுகை வந்திருக்க வேண்டும். வந்த அழுகையைத் துடைக்க வேண்டும். கையில் மீன் இரத்தம். கையை முதலில் பொன்னாடையில் துடைத்தார். பிறகு கண்ணைத் துடைத்தார். பிறகு, எங்களைச் சும்மா அனுப்ப மனமில்லாமல், ஒரு பெரிய பாரை மீன் தலையை வெட்டி எடுத்து நீட்டினார். பொன்னாடையாரிடம் இருந்தது ஒரே ஒரு சொப்பிங் பேக். மீன்தலை முதலில் போனது. "வெக்கையா இருக்கும்" என்று சொல்லி வாங்கிய பொன்னாடை அதன் மேலே போனது.

திரும்பி வரும் வழியில், மீன் மணம் நிறைந்த லொறியில் வைத்துத்தான் அந்தப் பொன்னாடையின் கதையைக் கேட்டேன். அவர் ஒரு அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெறும் நாளில் ஒரு விழா எடுத்துப் போர்த்துவதற்கென்று இந்தப் பொன்னாடையை வாங்கினார்களாம். பெரியவர் ஒருவர் வந்து போர்த்த இருந்தார். அவர் வரவில்லை. விழா இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போய்க் கடைசியில் இல்லாமலே போனது. பிறகொருநாள் கந்தோர் பியோன் இதை இதே போன்றொரு சொப்பிங் பேக்கில் போட்டு வீட்டில் கொடுத்துவிட்டுப் போனானாம்.

"அப்ப நீங்களே ஒரு நாள் போத்திப் பாத்திருக்கலாமே அண்ணே?"

"தனக்குத் தானே போர்த்தினா அது போர்வை, தம்பி. மற்றவன் போர்த்தினாத்தான் பொன்னாடை" என்றார். சொல்லிவிட்டு, மீன்தலையைக் குழம்பு வைப்பதா சொதி வைப்பதா என்ற கதைக்குப் போய்விட்டார்.

அடுத்த மாதச் சனிக்கிழமைக்கு முன் அவர் பொன்னாடையைத் துவைத்தார். துவைத்தால் போகிற மணமா அது? அந்த மாதம் வந்தவர் வெளிநாட்டிலிருந்து விமானம் ஏறி வந்த பெரிய இயக்குநர். தோளில் பொன்னாடை விழுந்ததும் சிரித்தார். பிறகு அந்தச் சிரிப்பு மெல்ல மெல்ல வாயை விட்டு மூக்குக்கு ஏறியது. முன்வரிசையில் கைக்குட்டைகள் வெளியே வந்தன. கலைக்கூடத்து வளவில் ஒரு பூனை உண்டு. அதுவரை ஒரு படத்தையும் எட்டிப் பார்க்காத பூனை. அன்றைக்கு அது நடுவழியால் கம்பீரமாக நடந்து வந்து, இயக்குநரின் காலடியில் உட்கார்ந்து, அண்ணாந்து பார்த்தது.

மேடம் பொன்னாடையாரைத் தனியே கூப்பிட்டார். "ஐயா அவர்களே, தங்கள் அன்பு எங்களுக்குப் புரிகிறது. ஆயினும் இனிமேல் பொன்னாடையுடன் உள்ளே வர வேண்டாம்" என்றார். சுத்தமான தமிழில் சொன்னால் எந்தச் சொல்லும் இன்னும் கொஞ்சம் வலிக்கும். பொன்னாடையார் குடையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியே நடந்தார். அடுத்த மாதம் அவர் வரவில்லை. பொன்னாடை இல்லாமல் எப்படி வருவார்?

இந்த நேரத்தில்தான் எனக்கு அதிர்ஷ்டம் அடித்தது. தெஹிவளைப் பக்கத்துப் பெண்பிள்ளை ஒன்று, கமெராவும் கையுமாக என் கிடங்குக்கு வந்தது. பிளாஸ்டிக் கதிரையைப் பற்றி ஒரு ஆவணப்படம் எடுக்கப் போகிறதாம். ஒரே ஒரு கதிரை. முதுகில் சிகரெட் சுட்ட ஓட்டை உள்ள கதிரை. அது கல்யாண வீட்டுக்குப் போகும், செத்த வீட்டுக்குப் போகும், தானத்துக்குப் போகும், கந்தூரிக்குப் போகும். கமெரா அதன் பின்னாலேயே போகும். கடைசியில் படத்தை அந்தக் கலைக்கூடத்திலேயே காட்டுவார்கள்.

"அங்கிள், உங்களோடயும் கொஞ்சம் கதைக்கோணும்" என்றது பிள்ளை.

கொஞ்சமா? காலையில் தொடங்கினேன். தள்ளுவண்டிக் காலத்திலிருந்து லொறிக் காலம் வரைக்கும் கதைத்தேன். நடுவில் சாப்பிட்டுவிட்டு வந்து கதைத்தேன். கமெராவின் பேட்டரி இரண்டு தடவை செத்தது. நான் சாகவில்லை. பிறகு புறக்கோட்டையில் கோட்டுத் துணி எடுத்துத் தைக்கக் கொடுத்தேன். சொந்தக்காரர் எல்லோருக்கும் சொன்னேன். கொட்டாஞ்சேனையிலிருந்து ஆட்களை ஏற்ற ஒரு பஸ் பிடித்தேன். படம் என்னைப் பற்றியது அல்லவா?

ஒரே ஒரு குறைதான். படம் முடிந்து விளக்குப் போட்டதும் யாராவது எழுந்து வந்து எனக்குப் போர்த்த வேண்டும். இத்தனை வருடம் பின்சுவரில் நின்றவனுக்கு அன்றைக்கு அது நடக்காவிட்டால் இனி எந்த ஜென்மத்திலும் நடக்காது. அதைச் செய்யக்கூடிய ஒரே மனிதரோ வாசலில் தடுக்கப்பட்டவர்.

வெள்ளவத்தைக்குப் போனேன். நேராகக் கேட்க வெட்கமாக இருந்தது. "அண்ணே, படத்துக்கு வாங்க" என்றேன்.

"என்னை உள்ள விடமாட்டினம் தம்பி."

"ஆளாப் போனாத்தான் விடமாட்டாங்க. கதிரையாப் போனா?"

படம் காட்டும் நாள் மாலை என் கம்பனி டீசேர்ட் போட்ட ஒரு வேலையாள் தலைக்கு மேல் கதிரையைக் கவிழ்த்துப் பிடித்து முகத்தை மறைத்துக்கொண்டு கலைக்கூடத்துக்குள் நுழைந்தார். என் மற்ற வேலையாட்கள் ஆளுக்கு எட்டு, பத்து என்று அடுக்கித் தூக்குவார்கள். இவர் ஒன்றைத் தூக்கினார். அதையும் வைத்துவிட்டு அதற்கு ஒரு கும்பிடு போட்டார். டீசேர்ட்டுக்குள் வயிற்றுப் பக்கம் ஏதோ புடைத்துக்கொண்டிருந்தது.

மேடம் என் பக்கத்தில் வந்து நின்றார். "முதலாளி அவர்களே, தங்கள் புதிய வேலையாள் சற்று வயது முதிர்ந்தவர் போலும்."

"அனுபவம் மேடம்" என்றேன்.

மேடம் மூக்கை ஒருமுறை உறிஞ்சினார். பிறகு கூரையைப் பார்த்தபடி அந்தப் பக்கம் போய்விட்டார்.

கூட்டம் நிரம்பி வழிந்தது. அந்த மண்டபம் அதுவரை காணாத கூட்டம். எல்லாம் என் ஆட்கள். படம் தொடங்கியது. கல்யாண வீட்டில் கதிரை. செத்த வீட்டில் கதிரை. கந்தூரியில் ஒரு குழந்தை அதன் மேல் ஏறி நின்று குதித்தது. மழையில் தனியாக நனைந்த கதிரை. படம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நான் எங்கே?

முன்வரிசையிலிருந்து என் வீட்டுக்காரி திரும்பிப் பார்த்து, மண்டபத்துக்கே கேட்கிற மாதிரி ரகசியம் பேசினாள். "என்னங்க, ஒங்களக் காணோமே?"

"பொறு. வருவேன்."

வந்தேன். லொறிக்குப் பின்னால் என் முதுகு வந்தது. "மெதுவா எறக்குடா, காலு ஒடஞ்சிரும்" என்று என் குரல் வந்தது. கதிரையின் காலைச் சொன்னேன். அவ்வளவுதான். படம் முடிந்துவிட்டது. ஒரு பகல் முழுவதும் கதைத்த கதை, ஒரு முதுகாகவும் ஒரு அதட்டலாகவும் சுருங்கிவிட்டது.

விளக்குப் போட்டார்கள். பஸ் பிடித்து வந்த சனம் முழுவதும் திரும்பி என்னைப் பார்த்தது. என் மைத்துனன் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினான். புதுக் கோட்டுக்குள் எனக்கு உண்மையாகவே வெக்கையாக இருந்தது. பின்சுவர் கொஞ்சம் திறந்து வழி விடாதா என்று பார்த்தேன்.

அப்போது டீசேர்ட் போட்ட வேலையாள் எழுந்தார். வயிற்றுப் பக்கத்திலிருந்து சிவப்புப் பொன்னாடையை உருவினார். இயக்குநர் பிள்ளையிடம் போவார் என்று எல்லோரும் பார்த்தார்கள். அவளைக் கடந்து போனார். என்னிடம் வந்தார். நான் கோட்டை இழுத்து விட்டுக்கொண்டு தோளைத் தயார் செய்தேன். என்னையும் கடந்து போனார்! படத்தில் வந்த அந்த ஓட்டைக் கதிரையை, சுவரோரமாகக் காட்சிக்கு வைத்திருந்ததை, தூக்கிக்கொண்டு வந்து நடுவில் வைத்தார். அதன் முதுகில் பொன்னாடையைப் போர்த்தினார்.

மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. அவர் சிரிக்கவில்லை.

"சிரிக்காதேங்கோ! எல்லாரும் மேடையில முகத்தைக் காட்டுவினம். இந்தக் கதிரைக்கார மனிசன்ர பேர் இவ்வளவு காலமும் உங்கள் எல்லாரின்ர முதுகுக்கும் பின்னால கிடந்தது. நீங்கள் ஆரும் திரும்பிப் பாத்தனீங்களோ?" என்று முழங்கினார். பிறகு என்னைப் பார்த்து, மிகச் சாதாரணமாக, "தம்பி, வாரும். வந்து இரும்" என்றார்.

"அண்ணே, கதிரைக்காரன் ஒக்காரக் கூடாது. ஒண்ணு கொறஞ்சிரும்."

"குறையட்டும். நான் நிக்கிறன்."

உட்கார்ந்தேன். என் சொந்தக் கதிரையில், கூட்டத்துக்கு நடுவில், அன்றைக்குத்தான் முதல் தடவையாக உட்கார்ந்தேன். அவர் பின்னால் வந்து, கதிரை முதுகில் கிடந்த பொன்னாடையின் இரண்டு முனைகளையும் இழுத்து என் தோள்களுக்கு மேலால் போட்டார். கதிரையும் நானும் ஒரே பொன்னாடைக்குள். கை தட்டியவர்களில் முதல் ஆள் மேடம். இரண்டாவது என் மைத்துனன். அவன் அழுதுகொண்டு தட்டினான். பூனையும் வந்தது.

தேநீர் நேரத்தில் நான் காத்திருந்தேன். இதோ வருவார், தோளைத் தடவுவார், வெக்கையா இருக்கும் என்பார். அவர் வந்தார். தோளில் கோணலாகக் கிடந்த சரிகையை நேராக்கினார். வெறுங்கையை வீசிக்கொண்டு போய்விட்டார்.

பொன்னாடை என் வீட்டு அலுமாரிக்கு வந்தது. வீட்டுக்காரி நல்ல கடையில் கொடுத்து உலர்சலவை செய்தும் பாரை மீன் அதிலிருந்து முழுதாக வெளியேறவில்லை. அடுத்த மாதச் சனிக்கிழமைக்குப் பொன்னாடையாரை மேடமே தொலைபேசியில் கூப்பிட்டாராம். வந்திருந்தார். பின்வரிசையில் இருந்தார். படம் முடிந்ததும் பழக்கத்தில் எழுந்தார். கையில் ஒன்றும் இல்லை என்று கண்டதும் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கை இரண்டையும் எங்கே வைப்பதென்று தெரியாமல் குடையைத் திறந்து திறந்து மூடினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. பொன்னாடையைக் கையோடு கொண்டு போயிருந்தேன். நீட்டினேன்.

"இந்தாங்கண்ணே, பிடிங்க."

"சீச்சீ! போர்த்தினதைத் திருப்பி வாங்கிறது மரியாதையோ?"

நான் அதிர்ந்துபோனேன். "இந்த ஊருல இருக்கிற அத்தன பேர்கிட்டயும் வாங்கினீங்களே!"

"அது அவையளுக்கு வெக்கை" என்றார், முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல்.

கொடுத்தால் வாங்க மாட்டார். சரி, கொடுப்பது வேறு, போர்த்துவது வேறு என்று சொன்னவரும் அவர்தானே? மண்டபத்துக்கு நடுவில் வைத்தே பொன்னாடையை உதறினேன். பேசுவதற்கு ஊரில் என்னைவிட்டால் ஆளில்லை. அன்றைக்கு ஒரு பட்டமும் வாய்க்கு வரவில்லை. "எங்க அண்ணன்" என்றேன். அவ்வளவுதான் வந்தது. போர்த்திவிட்டேன்.

மைக் இல்லாமல் கட்டடத்தை ஆட்டிய மனிதர், சரிகையை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த மீன்காரர் தடவிப் பார்த்த மாதிரியே.

திரும்பும்போது லொறியின் முன்சீட்டில் இருந்தார். சித்திரை மாத வெயில் இறங்கியும் காலி நகருக்குப் போகும் வீதி கொதித்தது. என் லொறியில் ஏ.சி. கிடையாது, இருந்த ஒரு கண்ணாடியும் பாதிதான் இறங்கும். எனக்குச் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. அவர் பொன்னாடையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, வாகன நெரிசலில் நின்ற ஒவ்வொரு பஸ்ஸையும் பார்த்துத் தலையசைத்துக்கொண்டு வந்தார்.

பம்பலப்பிட்டி தாண்டும்போது சொல்லிப் பார்த்தேன்.

"அண்ணே, வெக்கையா இருக்கும். தாங்க, மடிச்சு வைப்போம்."

"இல்லைத் தம்பி" என்றார், நெற்றி வியர்வையைப் புறங்கையால் வழித்தபடி. "இண்டைக்கு நல்லாக் குளிருது."